ஒரே ஜில்லாதான்

2024 நவம்பர் 12, செவ்வாய்
வயிற்றில் 37 வாரம் 2 நாள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில், லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது.

நவம்பர் 13
அம்மா ஃபோனில் மறுபடி அதே கேள்வி. "ஒரே ஜில்லாங்கிற, மாப்பிள்ளை ஒரு எட்டு வந்துட்டுப் போறதுக்கு என்னடி?"

ஜில்லாதான் அம்மா. ஒரே கவுன்சில், ஒரே வரி. ஆனால் அவர் பென்பெகுலா தீவிலிருந்து கிளம்பி, வடக்கு யூயிஸ்ட் தாண்டி, பெர்னரேயில் கப்பல் ஏறணும். ஒரு மணி நேரம் பாறைகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து லெவர்பரோ. அப்புறம் ஹாரிஸ் மலைப் பாதை. மொத்தம் அரை நாள். அந்தக் கப்பலுக்கு வெளிச்சம் வேண்டும்; நவம்பரில் வெளிச்சத்துக்கு எங்கே போவது? இத்தனைக்கும் ஜில்லா முழுக்க 26,000 பேர்தான், வடகோடியிலிருந்து தென்கோடி 200 கிலோமீட்டருக்கு மேல்.

"நடுவுல கடலா?" என்றாள், இன்றுதான் கேள்விப்படுகிற மாதிரி.

நவம்பர் 14
பிரஷர் 138/88. சனிக்கிழமை திரும்பப் பார்க்கணுமாம்.

நவம்பர் 15
வீட்டுக்காரம்மாவின் அண்ணன் பின்கொட்டகையில் நெய்கிறார். கம்பளித் துணியில் ஹாரிஸ் ட்வீட் என்று முத்திரை குத்த, இந்தத் தீவுகளில் நெசவாளி தன் வீட்டிலேயே கையால் நெய்திருக்க வேண்டும். 1993-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். தறியைக் காலால்தான் மிதிக்கிறார். தூரத்தில் வெறும் பழுப்புத் துணி. கையில் எடுத்து ஜன்னலோரம் பிடித்தால் ஒரே இழைக்குள் பச்சை, ஊதா, துளி ஆரஞ்சு. தறி ஓடும்போது உள்ளே இருப்பது உதைப்பதை நிறுத்திவிடுகிறது. தறி நின்றதும் மறுபடி உதை.

"இது லூயிஸ், ஆனா பேரு ஹாரிஸா?" என்று கேட்டுத் தொலைத்தேன். ஹாரிஸ்காரர்கள் வேறு ஆட்கள் என்றார் மனிதர். இத்தனைக்கும் இரண்டும் ஒரே நிலம், நடந்தே போகலாம். 1975 வரை லூயிஸ் ராஸ்-ஷயர் ஜில்லாவில், ஹாரிஸ் இன்வர்னஸ்-ஷயரில் இருந்ததாம். அப்படியானால் யூயிஸ்ட்? "அவங்க பேசுற கேலிக் மொழியே வேற மாதிரி."

நவம்பர் 16
134/86. கப்பல் ஓடியது. அவருக்கு டியூட்டி.

நவம்பர் 17, ஞாயிறு
டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் முதன்முதலாக ஞாயிற்றுக்கிழமை திறந்தது. இங்கே பலருக்கு ஞாயிறு ஓய்வு நாள், ஒரு வேலையும் கூடாது. ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. இங்கே ஞாயிறு கப்பல் விட்டதே 2009-இல்தான்.

நான் வேறு மறந்துபோய்த் துணி காயப் போட்டுவிட்டேன். கொடியில் என் நைட்டி மட்டும் தெருவுக்கே தெரிய ஆடிக்கொண்டிருக்க, வீட்டுக்காரம்மா தேவாலயத்துக்குத் தொப்பி வைத்துக்கொண்டு கிளம்பினார். பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என் கணவர் இருக்கும் பக்கம் இந்தப் பிரச்சினை இல்லை. பென்பெகுலாவில் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கம் இரண்டு சபையும் கலந்து இருக்கிறது. அதற்குத் தெற்கே கத்தோலிக்கர்கள், யூயிஸ்டில் சாலையோரம் மாதா கெபிகூட உண்டு. போன கோடையில் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னேன். தஞ்சாவூர் ரோடு ஞாபகம்.

நவம்பர் 19
கப்பல் ரத்து.

நவம்பர் 20
இன்றும் ரத்து. ராத்திரி படுத்துக்கொண்டு, தீவுகளை இணைத்த வருஷங்களை எண்ணினேன்: தெற்கு யூயிஸ்ட் பாலம் 1942, வடக்கே 1960, பெர்னரே 1999, எரிஸ்கே 2001. பென்பெகுலா என்றாலே துறைகளின் மலை என்றுதான் அர்த்தம். கடல் வற்றும் நேரம் பார்த்து நடந்தே கடந்திருக்கிறார்கள். (மலையின் உயரம் 124 மீட்டர்!) இத்தனை இடத்தில் கல்லைக் கொட்டி இணைத்தவர்கள் ஹாரிஸ் நீரிணையை விட்டுவிட்டார்கள். எனக்கென்று விட்டு வைத்த மாதிரி.

நவம்பர் 21
வீட்டுக்காரம்மா காற்றாட காரில் ஹோம் முனைக்குக் கூட்டிப் போனார். போயிருக்கக் கூடாது. 1919 ஜனவரி 1, சண்டை முடிந்து வீடு திரும்பியவர்களை ஏற்றி வந்த ஐயோலேர் கப்பல் அங்கேதான் பாறையில் மோதியது. செத்தது 201 பேர். எங்கே என்று கேட்டேன். கை நீட்டினார். கூப்பிடு தூரம். திரும்பினால் துறைமுக விளக்கு.

கணவரிடம், காற்று அடங்காமல் கிளம்பாதீர்கள் என்றேன். நேற்றுவரை ஏன் வரவில்லை என்று அழுததும் நான்தான்.

நவம்பர் 22
38 வாரம் 5 நாள். புயல் வருகிறதாம். நாளைக் கப்பல் "மாறலாம்" என்று போட்டிருக்கிறது. மாறலாம் என்றால் உண்டா, இல்லையா?

நவம்பர் 23, காலை 5.20
இடுப்பு. மூன்று மணியிலிருந்து. அவர் காரிலேயே தூங்கினாராம், பெர்னரே துறையில். வீட்டுக்காரம்மா சாவியைத் தேடுகிறார்