பேஜ் இருந்தது, சாவி இல்லை

அக்காவுக்குத் தையல் மெஷின் பழுது பார்க்கும் தொழில். அவளும் உதவிக்கு ஒருவரும், அவ்வளவுதான் ஆள்பலம். "எந்நேரமும் ஃபோனும் கையுமாத்தானே இருக்கே, நம்ம ஃபேஸ்புக் பேஜையும் நீயே பார்த்துக்கோயேன்" என்று ஒருநாள் சொன்னாள். வாரத்துக்கு இரண்டு படம், நாலு வரி எழுத்து, அதிலென்ன இருக்கிறது என்று நானும் சரி சொல்லிவிட்டேன். முதல் படத்தைப் போடவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது.

பேஜுக்கென்று தனி லாகின் கிடையாது. யாராவது ஒருவருடைய சொந்தக் கணக்கு வழியாகத்தான் அதற்குள் போக முடியும். அதுகூடத் தெரியாமல் "பேஜோட பாஸ்வேர்டு என்ன?" என்று அக்காவிடம் கேட்டேன். டைரியைப் புரட்டி ஒன்றைச் சொன்னாள். அது வைஃபை பாஸ்வேர்டு.

முன்பு அக்காவிடம் வேலை பார்த்த ஒரு தம்பிதான் பேஜைத் தொடங்கியவர். பேஜின் அறிமுகப் பகுதிக்குள் போனால் அது எப்போது தொடங்கப்பட்டது, பெயர் மாற்றப்பட்டதா என்பதெல்லாம் தெரியும். அட்மின் யார் என்பது மட்டும் தெரியாது. தம்பியைத் தேடிப் பிடித்தோம். நல்ல மனிதர், கூப்பிட்டதும் பேசினார். ஆனால் அவர் சொன்ன விவரம்தான் தலையில் கல்லைப் போட்டது. சொந்தக் கணக்கில் வேலை விஷயம் வேண்டாம் என்று நினைத்து, தொழிலின் பெயரையே ஆள் பெயர்போல வைத்து ஒரு புதுக் கணக்கு திறந்திருக்கிறார். அதற்குக் கொடுத்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டாயிற்று. அந்தக் கணக்குக்காகவே தொடங்கிய மின்னஞ்சல் முகவரி அவருக்கே நினைவில்லை.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குப் போனது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில காலம் கழித்து வேறு யாருக்காவது கொடுக்கப்பட்டுவிடும். நாங்கள் முயன்ற ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத ஒருவருக்கு எங்கள் ஓடிபி போய்க்கொண்டிருந்திருக்கலாம். இது உறைத்ததும் அந்த வழியை அத்தோடு நிறுத்தினேன்.

அடுத்தது, அடையாள அட்டையைக் காட்டிக் கணக்கை மீட்கும் வழி. அன்றாட வாழ்க்கையில் நம்மை அழைக்கிற பெயரில்தான் ஃபேஸ்புக் கணக்கு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. இங்கே கணக்கு இருப்பதோ ஒரு தொழிலின் பெயரில். அந்தப் பெயருக்கு அடையாள அட்டைக்கு எங்கே போவது? முழுக்க எங்கள் பக்கத்துத் தவறு, யாரையும் குறை சொல்ல வழியில்லை. தொழில் எங்களுடையதுதான் என்பதற்கான ஆவணங்களையும் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் கொடுத்து உரிமை கோரலாம் என்று படித்துவிட்டு, காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினேன்.

அப்படி ஒருநாள் பட்டறையில் உட்கார்ந்து பழைய பில்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது, மூலையிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். "என்னக்கா அது?" என்றேன். "அந்த டேப்லெட்தான். அப்பப்போ அப்படித்தான் கத்தும், கண்டுக்காதே."

மெஷின்களின் சர்வீஸ் கையேடுகளைப் பார்க்க வாங்கிய டேப்லெட். திரையில் கீறல், எப்போதும் சார்ஜரில் கிடக்கும். எடுத்துப் பார்த்தால், எங்கள் பேஜில் யாரோ கமென்ட் போட்டிருப்பதாக அறிவிப்பு! தம்பி எப்போதோ லாகின் செய்தது அப்படியே இருக்கிறது. இரண்டு மாதமாக நாங்கள் தேடிய கதவு திறந்தே கிடந்திருக்கிறது. நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை.

இந்த நிலையில் யாராவது மாட்டியிருந்தால் ஒன்று சொல்கிறேன்: எதையும் தொடாதீர்கள். லாக் அவுட் செய்யாதீர்கள், ஆப்பை அப்டேட் செய்யாதீர்கள். நான் நேராக பேஜின் செட்டிங்ஸுக்குள் போய், பேஜ் அணுகல் பகுதியில் முழுக் கட்டுப்பாட்டோடு என் பெயரைச் சேர்த்தேன். கடைசி அழுத்தில் பாஸ்வேர்டு கேட்டது. கரை சேரும் நேரத்தில் தோணி கவிழ்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு யோசனை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைத் திறந்தேன். அது டேப்லெட்டின் பின் எண்ணைக் கேட்டது. அந்த எண் அக்காவுக்குத் தெரியும், அவளுடைய பிறந்த வருஷம்தான். உள்ளே தம்பியின் பாஸ்வேர்டு பத்திரமாக இருந்தது. என் கணக்குக்கு அழைப்பு வந்தது, ஏற்றுக்கொண்டேன். கையோடு அக்காவையும் முழு அட்மின் ஆக்கினேன். ஒருவர் ஃபோனைத் தொலைத்தாலும் இன்னொருவர் உள்ளே போக முடிய வேண்டும். பழைய கணக்கை உடனே நீக்க முடியவில்லை, புது அட்மினுக்கு ஒரு வாரம் பொறுமை தேவைப்பட்டது. தம்பி மேல் சந்தேகமில்லை. அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ என்ற பயம்தான்.

ஆனால் காத்திருந்த அந்த இரண்டு மாதத்தில் அக்கா சும்மா இருக்கவில்லை. எனக்குச் சொல்லாமலே இன்னொரு பேஜைத் தொடங்கி, வருகிறவர்களிடமெல்லாம் அதைக் கொடுத்துவிட்டாள். ஆக, இப்போது இரண்டு. பெயரும் சார்ந்த தொழிலும் ஒன்றாக இருந்து, இரண்டிலும் நமக்கு முழுக் கட்டுப்பாடு இருந்தால் இணைக்கக் கேட்கலாம். எதை எதோடு இணைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். பின்தொடர்கிறவர்கள் ஒன்று சேர்வார்கள். ஆனால் கரைக்கப்படும் பேஜின் பதிவுகள், படங்கள், மதிப்புரைகள் எல்லாம் போய்விடும், திரும்பவும் பிரிக்க முடியாது. வாடிக்கையாளர்கள் மனமுவந்து எழுதிய மதிப்புரைகள் பழையதில் இருந்தன. அதனால் புதியதைப் பழையதில் கரைத்தோம். அவசரத்தில் மாற்றி அழுத்தியிருந்தால், பல வருஷத்து நல்ல பெயர் ஒரு சொடுக்கில் காணாமல் போயிருக்கும்.

பேஜ் கைக்கு வந்த இரண்டாவது வாரம் அக்கா பதறிக்கொண்டு கூப்பிட்டாள். "நம்ம பேஜை 24 மணி நேரத்துல மூடப் போறாங்களாம், காப்புரிமைன்னு ஏதோ போட்டிருக்கு, லிங்க் கொடுத்திருக்காங்க, அழுத்தவா?" நல்லவேளை, கேட்டாள். வந்தது இன்பாக்ஸில், இன்னொரு பேஜிலிருந்து. படம் மட்டும் அதிகாரபூர்வமானதுபோல இருந்தது. உண்மையான எச்சரிக்கை என்றால் பேஜின் நிலையைக் காட்டும் பகுதியில் இருக்கும். அங்கே போய்ப் பார்த்தோம், எந்தக் குறையும் இல்லை. அந்த லிங்க்கில் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் மறுபடி முதல் வரியிலிருந்து இந்தக் கதையைத் தொடங்க வேண்டியிருந்திருக்கும். அன்றைக்கே இருவர் கணக்கிலும், பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டேன். இந்த முறை எஸ்எம்எஸ்ஸை நம்பவில்லை. 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆத்தென்டிகேட்டர் ஆப்தான்.

இனிமேல்தான் நான் ஒப்புக்கொண்ட வேலையே. பேஜின் பழைய பதிவுகளைப் பார்த்தேன். "பிடித்தால் லைக் போடுங்கள், நண்பரை டேக் செய்யுங்கள்" என்று பாதி, பண்டிகை வாழ்த்து மீதி. இப்படிக் கெஞ்சி லைக் வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளப் போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. அடுத்த மாதமே, தொழில் பேஜ்களைவிட நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை என்றும் சொல்லிவிட்டது. நாம் போடுவதெல்லாம் நம்மைப் பின்தொடர்கிற எல்லோருக்கும் தெரியும் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். நானும்தான்.

முதல் மாதம் நான் போட்டவையும் உருப்படியில்லை. பளபளப்பான மெஷின் படம், கீழே தொலைபேசி எண். ஒரு ரீல்ஸில் பிரபலமான பாட்டைச் சேர்த்தேன், ஒலி முடக்கப்பட்டது. சொந்தக் கணக்கில் கிடைக்கிற பாட்டெல்லாம் தொழில் கணக்கில் பயன்படுத்த உரிமம் கிடையாது. அப்புறம் பாட்டே வேண்டாம் என்று மெஷின் ஓடும் சத்தத்தையே விட்டுவிட்டேன். தையல்காரர்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லத் தெரியும், கமென்ட்டில் வாக்குவாதமே நடந்தது.

திருப்பம் வந்தது இன்பாக்ஸிலிருந்து. வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: தையல் விட்டு விட்டு விழுகிறது, என்ன செய்வது? அக்காவிடம் கேட்டேன். "பெரும்பாலும் ஊசிதான். வளைஞ்சிருக்கும், முனை மழுங்கியிருக்கும், இல்லேன்னா திருப்பி மாட்டியிருப்பாங்க. முதல்ல ஊசியை மாத்திப் பார்க்கச் சொல்லு." அதையே அவள் கை தெரிய வீடியோ எடுத்துப் போட்டேன். அடுத்து, துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்வது. எல்லோரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள், ஆனால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால்தான், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காரும். இது இரண்டாவது வீடியோ.

"இப்படி எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா யார் நம்மகிட்ட வருவா?" என்றாள் அக்கா. நியாயமான பயம்தான், எனக்கும் அப்போது பதில் தெரியாது. அதுவரை நாங்கள் போட்டதிலேயே அதிகம் பேர் சேமித்து வைத்தது, பகிர்ந்தது அந்த இரண்டும்தான். அதன் பிறகு வந்தவர்கள் "ஊசி மாத்திட்டேன், நூலும் சரியாத்தான் கோத்திருக்கேன், இன்னும் சரியாகலை" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்குப் பாதி வேலை மிச்சம்.

காசு கட்டி ஒரு பதிவை நிறையப் பேருக்குக் காட்டவைக்கும் பூஸ்ட்டையும் ஒருமுறை முயன்றோம். எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் என்று எல்லை வைக்க மறந்துவிட்டேன். எங்கெங்கோ இருந்து லைக் வந்தது, மெஷின் ஒன்றும் வரவில்லை. அதோடு அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு கோபமான கமென்ட் மட்டும் சொல்ல வேண்டும். மெஷினைக் கொடுத்து மூன்று வாரம் ஆகியும் தரவில்லை என்று ஒருவர் எழுதினார். அழித்துவிடு என்றாள் அக்கா. அவர் சொன்னது உண்மைதானே என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தவள், பிறகு அவளே தட்டுத் தடுமாறித் தட்டச்சு செய்தாள்: "உதிரி பாகம் வர லேட் ஆயிடுச்சு, முன்னாடியே ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கணும், தப்பு எங்களோடதுதான்." அந்த பதிலுக்குக் கீழேயே அவர் ஒரு கட்டைவிரல் போட்டார். அதற்குப் பிறகு கமென்ட்டுகளுக்கு நான் பதில் சொல்வதில்லை, அவளே சொல்கிறாள்.

இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டபோது, ஆப் கையில் இல்லாத நேரத்தில் உள்ளே போகக் கிடைத்த 10 மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, ஊசிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். ஃபோனை மாற்றியபோது ஒன்று, ஃபோன் தண்ணீரில் விழுந்தபோது ஒன்று. பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.