தாயின் பாலில் சமைக்க வேண்டாம்: இந்தக் கட்டளை இன்று யாருக்கு?

வேதாகமத்தை வரிசையாக வாசித்துவருகிற எவரும் யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தின் 19ஆம் வசனத்தில் சற்றே தடுமாறி நிற்பார்கள். நிலத்தின் முதற்கனியைக் கர்த்தருடைய ஆலயத்துக்குக் கொண்டுவரச் சொல்லித் தொடங்கும் அந்த வசனம், வெள்ளாட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்று முடிகிறது. ஏன் கூடாது என்று சொல்லப்படவில்லை. மீறியவனுக்கு என்ன தண்டனை என்பதும் இல்லை. ஆனாலும் இதே கட்டளை யாத்திராகமம் 34:26இலும், உண்ணத்தக்கவை, தகாதவை பற்றிய நீண்ட பட்டியலின் முடிவாக உபாகமம் 14:21இலும் மீண்டும் வருகிறது. மூன்று முறை எழுதப்பட்ட ஒன்றை, "அது யூதர்களுடைய சமையலறைச் சட்டம், நமக்குரியதன்று" என்று கடந்துபோவது எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை.

இந்தக் கட்டளைக்குக் காரணம் தேடியவர்களில் 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் குறிப்பிடத்தக்கவர். யாத்திராகமத்தின் இரண்டு இடங்களிலும் இது ஆண்டுப் பண்டிகைகளைப் பற்றிய சட்டங்களை ஒட்டி வருவதைக் கவனித்த அவர், அயலாருடைய பண்டிகைச் சடங்கொன்றைத் தடுப்பதற்காக இது தரப்பட்டிருக்கலாம் என்று கருதினார். அப்படியொரு சடங்கைத் தாம் படித்த நூல்களில் காணவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவைத்தார். சிரியாவின் கடற்கரையில் உள்ள ராஸ் ஷம்ராவில் 1929இல் தொடங்கிய அகழாய்வு, உகாரித் என்ற பண்டைய நகரத்தையும் அதன் களிமண் பலகைகளையும் வெளிக்கொணர்ந்தது. அவற்றில் ஒன்றில் குட்டியைப் பாலில் சமைக்கும் சடங்கு இருப்பதாக 1933இல் வாசிக்கப்பட்டபோது, மைமோனிடிஸின் ஊகம் மெய்ப்பிக்கப்பட்டதாகவே பலர் எண்ணினர். ஆனால் அந்த வரியின் எழுத்துகள் சிதைந்திருந்தன. சமைத்தல் என்பது ஊகத்தால் நிரப்பப்பட்டது. தாயைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. இன்று அந்தச் சான்றை நம்பிக்கையோடு எடுத்துரைப்பவர்கள் குறைவு. ஆயினும் நம்முடைய விளக்கவுரைகள் சிலவற்றில் அது இன்னும் உறுதியான செய்தியைப் போலவே எழுதப்படுவது வருத்தத்திற்குரியது.

இந்த வசனத்துக்குச் சிறந்த விளக்கம் மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் நம்பிக்கை. கன்றோ குட்டியோ பிறந்தால் ஏழு நாட்கள் தாயோடு இருக்க வேண்டும், எட்டாம் நாள் முதலே அதைப் பலியாகச் செலுத்தலாம் என்கிறது லேவியராகமம் 22:27. அடுத்த வசனம், பசுவையும் அதன் கன்றையும், ஆட்டையும் அதன் குட்டியையும் ஒரே நாளில் கொல்லக் கூடாது என்கிறது. உபாகமம் 22:6-7, பறவைக்கூட்டில் குஞ்சுகளின்மேலோ முட்டைகளின்மேலோ தாய் உட்கார்ந்திருந்தால், குஞ்சுகளை எடுத்துக்கொண்டாலும் தாயைப் போகவிட வேண்டும் என்று கட்டளையிட்டு, அப்படிச் செய்கிறவனுக்கு நன்மையையும் நீடித்த நாட்களையும் வாக்களிக்கிறது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுகிறவனுக்குக் கிடைக்கும் வாக்குத்தத்தமும் இதுவே. தாய்க்கும் குட்டிக்கும் இடையிலுள்ள உறவை மனிதன் தன் பசிக்காக முற்றிலும் மிதித்துவிடக் கூடாது என்ற கவலை இவை அனைத்திலும் ஓடுகிறது.

இருந்தாலும், நம் வசனம் மற்றவற்றைவிட ஒரு படி மேலே செல்கிறது. கூட்டிலிருந்து விடப்படும் தாய்ப்பறவை உண்மையிலேயே பிழைத்துப்போகிறது; தாயோடு விடப்படும் குட்டி ஏழு நாட்கள் பால் குடிக்கிறது. பானையில் இருக்கும் குட்டியோ ஏற்கெனவே இறந்துவிட்டது. அது எந்தப் பாலில் வேகிறது என்பதை அது உணராது. கறந்த பால் எங்கே போனது என்பதைத் தாயும் அறியாது. இறைச்சி உண்பதும் பால் அருந்துவதும் அனுமதிக்கப்பட்டவையே. ஆகவே, எந்த உயிருக்கும் கூடுதலாக ஒரு வலியும் நேராத இடத்தில் இந்தத் தடை நிற்கிறது. அப்படியானால் இது காக்க முயல்வது சமைக்கிறவனுடைய உள்ளத்தை என்றே நான் புரிந்துகொள்கிறேன். சில ஆடுகளை மட்டுமே வைத்திருந்த எளிய குடும்பத்தில், கையில் இருக்கும் பால் பெரும்பாலும் அந்தக் குட்டியின் தாயினுடையதாகவே இருந்திருக்கும் என்பதையும் நினைத்துப்பார்க்க வேண்டும்.

முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதச் சிந்தனையாளர் பிலோ இதையே கண்டார். உயிரோடிருந்த குட்டியை வளர்த்த பாலே, அது இறந்தபின் அதன் இறைச்சிக்குச் சுவையூட்டும் பொருளாவது தகாது என்றார் அவர். பாலில் சமைக்கத்தான் வேண்டுமென்றால் வேறு ஆட்டின் பால் கிடைக்காதா என்றும் கேட்டார். ரபிமார்கள் எனப்படும் யூத மத ஆசிரியர்களின் மரபு வேறு வழியில் சென்றது. மூன்று முறை சொல்லப்பட்டதால் சமைப்பதும், உண்பதும், அதனால் பயனடைவதும் தடை என்று, அவர்களுடைய சட்ட விவாதங்களின் தொகுப்பாகிய தல்மூத் விளக்கியது. இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வந்தன. கலிலேயராகிய ரபி யோசே மட்டும், பறவைக்குத் தாய்ப்பால் கிடையாதே, கோழியை இதில் ஏன் சேர்க்க வேண்டும் என்று வாதாடியதை, தல்மூத்துக்கு அடிப்படையான சட்டநூலாகிய மிஷ்னா பதிவுசெய்திருக்கிறது. அவருடைய கருத்து ஏற்கப்படவில்லை என்றாலும், தாயை மறக்காமல் இந்த வசனத்தை வாசித்தவராக அவர் என் மதிப்புக்குரியவர்.

கிறிஸ்தவர்களாகிய நாம் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடியவர்கள் புறஜாதி விசுவாசிகளிடம் கேட்டுக்கொண்டவற்றில் இது இல்லை. தேவன் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று 1 கொரிந்தியர் 9:9இல் பவுல் கேட்பதைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற கட்டளையைக் கொண்டுதான், உழைக்கிறவனுக்குரிய பங்கைப் பற்றிய தம் வாதத்தையே பவுல் கட்டுகிறார். மாட்டுக்கு அந்த நியாயம் இல்லையென்றால் அவருடைய வாதமும் நிற்காது.

இன்றைய வாசகருக்கு இது எங்கே தொடுகிறது என்று கேட்டால், பானையைவிடத் தொழுவத்தைத்தான் காட்டுவேன். பெரிய பால் பண்ணைகள் பலவற்றில், கன்று பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. பாலுக்குப் பயன்படாத ஆண் கன்றுகள் இறைச்சிக்கு அனுப்பப்படுகின்றன. 1986இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பைத்தியப் பசு நோய் இன்னும் கொடிய பாடம். அறுக்கப்பட்ட கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து, அதையே மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் தீவனமாகக் கொடுத்ததால் அந்த நோய் பரவியது. 1988இல் அத்தீவனம் அங்கே தடைசெய்யப்பட்டது. மோசே இதை முன்னறிவித்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வசனத்தை அவமதிப்பதாகும். ஆயினும் செலவு குறைகிறது, கையருகே இருக்கிறது, கேட்பாரும் இல்லை என்பதற்காக, உயிரை வளர்க்க வேண்டியதை உயிருக்கு எதிராகத் திருப்பும் அதே மனநிலை இரண்டிலும் தெரிகிறது. கறியும் பாலும் உண்கிற நானும் அந்தக் கேள்விக்கு வெளியே நிற்கவில்லை. என் வீட்டுக்கு வரும் பால் எங்கிருந்து, எப்படி வருகிறது என்று விசாரிக்கும் கடமை எனக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

நம் போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். நினிவேயின் மனிதரோடு அதன் "அநேக மிருகஜீவன்களையும்" குறிப்பிட்டு முடியும் யோனாவின் கடைசி வசனத்தைப் பிரசங்கிக்கும்போது, யாத்திராகமம் 23:19ஐயும் சேர்த்து வாசியுங்கள்; தேவனுடைய இரக்கம் எவ்வளவு தூரம் செல்கிறது என்று சபை கேட்கட்டும்.