ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு

வைகாசிக் கடைசியில் உறுதியானது. தை இருபது வாக்கில் பிரசவம் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அன்று ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசியது வீட்டைப் பற்றித்தான்.

அப்போது கும்பகோணத்தில் ஒரு மாடி போர்ஷனில் இருந்தோம். என் வங்கிக் கிளைக்கு நடந்தே போய்விடலாம். அவருக்கு வேலை திருச்சிப் பக்கம் துவாக்குடியில். போக வர ஏறக்குறைய 150 கிலோமீட்டர். முதல் ஷிப்ட் என்றால் விடிவதற்கு வெகுநேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தால் நள்ளிரவு தாண்டியிருக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். மாடிக்குப் போவது செங்குத்தான இரும்புப் படி. மழை நாளில் வெறும் கையோடு ஏறவே பயமாக இருக்கும்.

தஞ்சாவூர் நடுவில் இருக்கிறது. கும்பகோணத்துக்கு 40 கிலோமீட்டர், துவாக்குடிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆளுக்குப் பாதி என்று கணக்கு உடனே முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் தஞ்சாவூரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று முடிவு செய்ய ஆடி மாதம் முழுவதும் ஆனது.

ஆடியில் யாரும் குடி போவதில்லை. அத்தைக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. "வயித்துல புள்ளையோட வீடு மாத்துறதா? அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றார். அவரோடு வாதாடவில்லை. அந்த இரும்புப் படியைக் காட்டினேன். ஒருமுறை ஏறி இறங்கியவர், "ஆவணி முதல் முகூர்த்தத்துல போயிடுங்க. பால் நான் வந்து காய்ச்சுறேன்" என்று சொல்லிவிட்டார். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும். ஆடி முழுவதும் வீடு பார்க்கக் கிடைத்தது.

முதல் வாரம் நாங்கள் பார்த்ததெல்லாம் வீட்டை மட்டும்தான். ரூம் எத்தனை, கிச்சன் எப்படி, வாடகை எவ்வளவு. நாலைந்து வீடு பார்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எங்கள் ஒரு நாளை எழுதிப் பார்த்தார். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் மதியம் பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் வருவார். குழந்தை பிறந்த பிறகு அந்தப் பத்தரை மணி நேரமும் வீட்டில் நானும் அம்மாவும்தான். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்றாலும், மன்னார்குடியில் அப்பாவுக்கு முடியாமல் இருப்பதால் அம்மாவே இங்கே வந்து இருப்பதாகப் பேசி வைத்திருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டு சக்கர வண்டி ஓட்ட எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு எங்கள் கேள்வி மாறிவிட்டது. அவர் இல்லாத பொழுதில் எங்களுக்கு எந்தத் தெரு நல்லது என்றுதான் பார்க்க ஆரம்பித்தோம்.

பாபநாசத்தையும் விட்டுவிடவில்லை. என் கிளைக்கு 15 கிலோமீட்டர்தான், ரயில் நிற்கும், அரசு மருத்துவமனை உண்டு. ஊரை ஒட்டி ஒரு கிராமத்தில் நல்ல காற்றோட்டமான வீடு கிடைத்தது. எதிரே பெரிய காலித் திடல், ஓரத்தில் ஒரு வேப்பமரம். குழந்தை ஓடி விளையாட இதைவிட என்ன வேண்டும் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஆயா கூப்பிட்டு, "எப்பம்மா பொறக்கும்?" என்று கேட்டார். தை என்றேன். "தையிலயா? இங்கதான கொள்முதல் போடுவாங்க" என்றார்.

சம்பா அறுவடை தொடங்கினால் அந்தத் திடல்தான் நேரடி நெல் கொள்முதல் நிலையம். நெல் மலை மலையாகக் குவிந்திருக்கும், தூற்றும் மெஷின் ஓடும், சுணையும் தூசியும் வீட்டுக்குள் வரும், மூட்டை ஏற்ற லாரிகள் ராத்திரியிலும் நிற்கும். தை தொடங்கி மாசி, பங்குனி வரை நீளும். பச்சைக் குழந்தையோடு நான் அங்கே இருக்கப்போவதும் அதே மாதங்கள்தான். நானும் விவசாயக் குடும்பத்துப் பெண்தான். அந்தத் திடலில் நெல்லோடு காத்துக் கிடப்பவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் ஆடியில் வீடு பார்ப்பவர்கள் தையில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்டாவில் இடங்கள் பயிர்ப் பட்டத்துக்குப் பட்டம் மாறும்.

இன்னொரு வீட்டில் ஜன்னல் கட்டையை விரலால் தடவியதும் கரி ஒட்டியது. கொஞ்ச தூரத்தில் நெல் அரவை மில். அதோடு அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

தஞ்சாவூரில் கரந்தைப் பக்கம் வடவாற்றங்கரையில் பார்த்த வீட்டை விட்டுவிட எனக்கு மனசே வரவில்லை. பதினெட்டாம் பெருக்கு அன்று பார்த்தோம். ஆறு நிறையத் தண்ணீர். படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி வைத்துப் படைத்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு போனார்கள். பின்கதவைத் திறந்தால் ஆறு. அவர் பின்கட்டில் நின்று வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். அப்புறம், "ஒன்றரை வயசுல ஓட ஆரம்பிச்சா இந்தக் கதவை எத்தனை தடவை சாத்துவே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

நாங்கள் முன்பணம் கொடுக்க இருந்தது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புது நகரில். புது வீடு, தனி போர்வெல், வாடகையும் குறைவு. காலை எட்டு மணிக்கு நான் எப்படி ஸ்டேஷனுக்குப் போவேன் என்று பார்க்க, ஒரு புதன்கிழமை அதே நேரத்துக்கு ஆட்டோவில் போனோம். கேட் போட்டிருந்தது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் லைன் ஒற்றைப் பாதை. ஒரு வண்டி போய், எதிரே இன்னொன்று வரும் வரை திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொரு நிமிஷம். எங்களுக்குப் பின்னால் ஒரு ஆட்டோவில் வயதான ஒருவரை மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கேட்காரரிடம் போய் யாரோ பேசினார்கள், சிக்னல் கொடுத்தாகிவிட்டது, இனி திறக்க முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான், ரயில் வரும்போது திறக்கக் கூடாது. ஆனால் அந்தப் பதினொரு நிமிஷமும் என் கை வயிற்றின் மேலேயே இருந்தது. பிரசவத்துக்கு நாங்கள் பார்த்து வைத்திருந்த மருத்துவமனையும், டெல்டாவின் பல ஊர்களிலிருந்தும் சிக்கலான பிரசவங்களை அனுப்பிவைக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனையும் கேட்டுக்கு இந்தப் பக்கம். 108 வந்தாலும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். முன்பணம் கொடுக்கவில்லை.

அடுத்து தண்ணீர். வீட்டுத் தரகரும் ஓனரும் எல்லாத் தெருவிலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "இங்க தண்ணி நிக்காதும்மா." நாங்கள் பால்காரரைக் கேட்டோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் விடிகாலை நாலரைக்குத் தெருத் தெருவாகப் போகிறவர் அவர். எந்தத் தெருவில் கணுக்கால், எந்தத் தெருவில் முழங்கால் என்று வரிசையாகச் சொன்னார். அவர் சொன்ன தெருக்களில் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபோது, போன வருஷத்துத் தண்ணீர்க் கறை அதே உயரத்தில் கோடாக இருந்தது.

தஞ்சாவூர் டெல்டாவின் ஓரத்தில் இருக்கும் ஊர். வடக்கிலும் கிழக்கிலும் வெண்ணாறும் வடவாறும் பாயும் வண்டல் நிலம், நஞ்சை. தெற்கிலும் தென்மேற்கிலும் வல்லம் வரைக்கும் செம்மண் மேடு. பழைய ஆறுகளின் தண்ணீர் எட்டாத மேட்டு நிலங்களுக்காக வெட்டி, 1934இல் திறந்த கல்லணைக் கால்வாயைத்தான் ஊரில் புதாறு என்கிறோம். நஞ்சையை மனை போட்டு எழுப்பிய நகர்களில் மழைத் தண்ணீர் தன் பழைய வயலைத் தேடி வந்து நிற்கிறது. செம்மண் மேட்டில் ஓடி வடிந்துவிடுகிறது. இதை நாங்கள் எந்த வரைபடத்திலும் பார்க்கவில்லை. செருப்பில் ஒட்டிய மண்ணின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அதனால் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கமாகத் தேடினோம். மூன்றாவது நாளே ஒரு கிளைத் தெருவில் தரைத்தள வீடு கிடைத்தது. மாடியில் ஓனர், ஓய்வுபெற்ற டீச்சர். எங்களிடம் கேட்டதைவிட நாங்கள் அவரிடம் கேட்டது அதிகம். அவர் சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். தெருவில் எட்டு வீட்டில் சின்னப் பிள்ளைகள். கொள்ளிடத் தண்ணீர் குழாயில் வருகிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் நடந்து போகும் தூரம். "தம்பி ராத்திரி வேலைன்னா ஒண்ணும் யோசிக்காதம்மா, சுவத்தைத் தட்டினா எனக்குக் கேக்கும்" என்றார். அந்தப் பேச்சில்தான் என் மனசு அந்த வீட்டில் நின்றது.

குறையும் உண்டு. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும். ஸ்டேஷன் நான் நினைத்ததைவிடத் தள்ளி. அதனால் சரி என்று சொல்வதற்கு முன் ஒரு வாரம் இரண்டு பேரும் அங்கிருந்து போவது போலவே போய் வந்தோம். தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொண்டு, வாசலிலிருந்து வேலை இடம் வரை நேரம் குறித்தோம். அவருக்குப் பிரச்சினையே இல்லை. கம்பெனி வண்டி வந்து நிற்கும் இடம் பக்கம், வீட்டிலிருந்து மொத்தம் ஒரு மணி நேரம். எனக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி, முகூர்த்த நாளில் அதற்கும் மேல். பழைய சாலை அய்யம்பேட்டை, பாபநாசம் என்று ஊருக்குள் புகுந்து வளைந்து போகும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இடுப்பில் வலித்தது. ரயிலில் ஆட்டோ, நடை எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி. நேரம் பார்த்தால் பஸ்தான் முன்னால். ஆனாலும் நான் ரயிலைத்தான் எடுத்தேன். ரயிலில் கழிப்பறை இருக்கிறது. ஐந்தாம் மாதத்துக்கு மேல் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கர்ப்பமாக இருந்து பயணம் போனவர்களுக்குத் தெரியும். எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம். சீசன் டிக்கெட் எடுத்த இரண்டாம் வாரமே பசுபதிகோயிலில் ஏறும் ஒரு அக்காவும் சுந்தரப்பெருமாள்கோயிலில் ஏறும் ஒரு நர்ஸும் எனக்குத் துணையாகிவிட்டார்கள்.

வாடகை 8,500 ரூபாய். முன்பணம் முதலில் பத்து மாதம் என்றார் தரகர். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. அதை டீச்சரிடம் பணிவாகச் சொன்னோம். நாலு மாதத்துக்குச் சம்மதித்து எழுத்தில் போட்டுக் கொடுத்தார். மின் மீட்டர் தனியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான். ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் இருந்தால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓனர் சொல்லும் விலைதான்.

கும்பகோணத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து வாங்கிய 12 இலக்க பிக்மி எண் ஊர் மாறினாலும் அதேதான். புது ஏரியா நர்ஸிடம் எண்ணைச் சொன்னதும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணியில் அத்தை வந்து பால் காய்ச்சினார். கார்த்திகையில் ஒரு ராத்திரி விடாமல் கொட்டியது. அவர் இரண்டாம் ஷிப்ட். கரண்டு போனது. கஜா புயலின்போது பட்டுக்கோட்டைப் பக்கம் அத்தை வீட்டில் இருபது நாளுக்கு மேல் கரண்டு இல்லாமல் கிடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் சுவரைத் தட்டுவதற்கு முன்னாலேயே டீச்சர் எமர்ஜென்சி விளக்கோடு இறங்கி வந்துவிட்டார். அவர் ஷிப்ட் முடிந்து வரும் வரை நானும் டீச்சரும் பேசிக்கொண்டிருந்தோம். வெளியே தெருவில் தண்ணீர் செக்கச் சிவப்பாக ஓடியது. காலையில் பார்த்தபோது ஈர மண்தான் இருந்தது.

மகள் தை பதினெட்டில் பிறந்தாள். 26 வாரப் பேறுகால விடுப்பு ஆடியில் முடிகிறது. அம்மா தீபாவளி வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் பார்க்க வேண்டும். ஸ்டேஷன் போகும் வழியில் ஒன்றைப் பார்த்தேன், நன்றாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் அது இரண்டாம் மாடி, ஒரே ஒரு குறுகிய படிக்கட்டு. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் இழந்தோம். அந்த ஊரில் இருந்தவள் நான், படிக்கட்டைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். தரைத்தளத்தில், இரண்டு வாசல் இருக்கும் இடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆறாவது வார ஊசிக்குப் புதன்கிழமை நானும் அம்மாவும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனோம். அவர் அன்று முதல் ஷிப்ட். அம்மா முழங்காலுக்காக வழியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து எழுந்தும் பத்து நிமிஷம்தான் ஆனது. பத்தாவது வார ஊசிக்கு அதிலிருந்து நாலாவது புதன் போக வேண்டும்.