பிரசோஸ் ஆற்றோரப் பூங்கா

ஹூஸ்டன் பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் பரிந்துரைக்கும் இடங்கள் இரண்டு: பியர்லேண்ட் மீனாட்சி கோயில், பிரசோஸ் பெண்ட் மாநிலப் பூங்கா. கோயிலுக்கு யாராவது கூட்டிப்போய்விடுவார்கள். பூங்கா என்றால் மட்டும், "அங்கே முதலை இருக்குமே, பிள்ளைகளோடு எப்படிப் போவது?" என்று கேட்பார்கள்.

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நீட்வில் ஊருக்கு அருகே, பிரசோஸ் ஆற்றை ஒட்டிச் சுமார் 5,000 ஏக்கரில் காடும் சதுப்பும் ஏரிகளுமாகக் கிடக்கும் இடம் அது. குளிர்காலத்தில் வெயில் ஏறிய பிறகு 40 ஏக்கர் ஏரிக் கரையில் நடந்தால், அலிகேட்டர் எனும் அமெரிக்க முதலைகள் புல்லில் படுத்து வெயில் காய்வதைப் பார்க்கலாம். நடுவில் வேலி கிடையாது. விதிகள்தான் வேலி: 30 அடியாவது தள்ளி நிற்க வேண்டும், ஏரியில் இறங்கக் கூடாது, தீனி போடவே கூடாது. மனிதர் போடும் தீனிக்குப் பழகிய முதலைக்கு நம்மைக் கண்டால் பயம் விட்டுப்போகும்; அப்புறம் அதைக் கொல்லும் நிலை வரும். தோலுக்காக வேட்டையாடப்பட்டு, 1967இல் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்து, 1987இல் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்ட இனம் இது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். பயத்தோடு மரியாதையும் வரும்.

எனக்கு முதலையைவிடப் பறவைகள் மேல்தான் ஆசை. மதுராந்தகத்திலிருந்து அம்மா வந்திருந்தபோது எல்ம் ஏரிக்கு அழைத்துப் போனேன். பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பறவையைக் காட்டி, "இது நம்ம வேடந்தாங்கல் பாம்புத்தாரா இல்லையா?" என்றார். அன்ஹிங்கா என்கிறார்கள் இங்கே. பாம்புத்தாராவுக்கு நெருங்கிய உறவுதான். வெள்ளை அரிவாள் மூக்கன், சீழ்க்கைச்சிறகி, இளஞ்சிவப்புக் கரண்டிவாயன் என்று நம்மூர்ப் பறவைகளின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் பலவும் இங்கே உண்டு. முட்டி வலியோடு வந்த அம்மா ஏரியை முழுதாகச் சுற்றாமல் காருக்குத் திரும்பவில்லை.

ஹூஸ்டன் புறநகரான சுகர்லேண்டில் பால் வாங்கக்கூடக் காரில்தான் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் யாரென்றே தெரியாமல் மாதங்கள் ஓடிவிடும். பூங்காவில் அப்படியில்லை. முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி வைத்திருக்கும் பெரியவர்கள், "வாங்க, கூட்டில் குஞ்சு இருக்கிறது, பாருங்கள்" என்று தாங்களாகவே கூப்பிடுவார்கள். முன்பின் தெரியாத அமெரிக்கர்களோடு நான் மனம்விட்டுப் பேசத் தொடங்கியது அந்தக் கரையில்தான். ஊர் பிடித்துப்போனதும் அப்போதிருந்துதான்.

பலர் ஏரிகளோடு திரும்பிவிடுகிறார்கள். ரெட் பக்கை பாதையில் போனால் ஆற்றையே பார்க்கலாம். செம்மண் கலந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நடக்கச் சுகமான காலம். கோடையில் போவதென்றால் விடியற்காலையில் போய்விடுங்கள், கொசு மருந்து அவசியம். வார இறுதிக்கு அனுமதிச் சீட்டை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. பெருமழைக்குப் பிறகு மட்டும், கிளம்பும் முன் பூங்கா திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் பிரசோஸ் வெள்ளத்தில் அதை மூட வேண்டியிருந்தது.