போர் தண்ணி, ரெண்டடி தொட்டி, சங்குக்குள்ள குடியிருக்கற மீனு

எங்கூர்ப்பக்கம் தொட்டி வெக்கற முக்காவாசிப்பேர் போர் தண்ணிய திட்டிக்கிட்டேதான் மீன் வளத்தறாங்க. கண்ணாடில வெள்ளையா படியும், அதுக்கு பயந்து ஆர்.ஓ. தண்ணிய ஊத்தி, மென்மையான தண்ணி கேக்கற டிஸ்கஸ் மீனு வெப்பாங்க. எதுக்குங்க அத்தன பாடு? அந்த சுண்ணாம்புத் தண்ணியே வேணும்ங்கற மீனா பாத்து எடுத்துட்டா வேல முடிஞ்சுது.

ஆப்பிரிக்காவுல டாங்கனிகா ஏரின்னு ஒன்னு, ஆழம் மட்டும் சுமார் 1,470 மீட்டர். தண்ணி நெம்ப கெட்டி, அதாவது சுண்ணாம்பு மாதிரி உப்பு ஜாஸ்தி, காரத்த அளக்கற பிஹெச் 8.5க்கு மேல. அப்படிப்பட்ட தண்ணில சுண்ணாம்பு லேசுல கரையாது, அதனால செத்த நத்தையோட கூடு ஏரிக்கு அடியில அப்படியே குமிஞ்சு கெடக்குது. அதுக்குள்ள குடும்பம் நடத்தறதுதான் இந்த ஷெல் டுவெல்லர், சிக்லிடுங்கற மீன் குடும்பத்துல ஒரு வகை. நம்ம சிறுவாணி தண்ணி குடிக்கறதுக்கு அமிர்தமுங்க, ஆனா மென்மையான தண்ணிங்கறதால இதுங்களுக்கு ஆகாது, கோயமுத்தூர்க்காரங்க கோச்சுக்காதீங்க. அதுக்காக போர் தண்ணி எல்லாமே ஒன்னுன்னும் சொல்லல, டெஸ்ட் கிட்ல பிஹெச், கேஹெச் (கார்பனேட் கெட்டித்தன்மை), ஜிஹெச் (மொத்த கெட்டித்தன்மை) மூணும் பாத்துட்டு ஊத்துங்க, சாயத்தண்ணி எறங்குன பக்கமா இருந்தா அந்தத் தண்ணியே வேண்டாம்.

எந்த மீனுன்னு கேட்டா நான் கண்ண மூடிட்டு மல்ட்டினு சொல்லுவேன், முழுப்பேரு மல்ட்டிஃபேசியேட்டஸ். ஆணே ரெண்டு இஞ்சு வர்றது பெரிசு, பொட்ட அதவிட சிறுசு. ரெண்டடிக்கு ஓரடி தொட்டில ஆறேழு குஞ்சா விட்டா அதுங்களே ஜோடி சேந்து, முட்ட போட்டு குட்டி பொரிச்சு, அந்தக் குட்டி பெரிசானாலும் தனிக்குடித்தனம் போகாம ஒட்டுக்கா கூட்டுக்குடும்பமா இருக்கும். ஒசலேட்டஸ்னு இன்னொரு சங்கு மீனு இருக்கு, அது கலர்ல தூக்கலா இருக்கும், தொட்டிக்குள்ள கைய விட்டா கடிக்க வர்ற அளவுக்கு கோவக்காரன், ஆனா சின்னத் தொட்டில ரெண்டு ஆண் சேந்துச்சுன்னா ஒன்னு தப்பாது. ஒரு ஆணு, ரெண்டு மூணு பொட்டன்னு கெடைச்சா மட்டும் எடுங்க.

கீழ மண்ணு முக்கியமுங்க, நைசான மணல் ரெண்டு இஞ்சுக்கு கொறையாம போடுங்க, ஜல்லி வேண்டாம். வாயில மண்ண அள்ளி அள்ளி துப்பி சங்க பொதச்சு வெக்கறத பாக்கத்தான இத வாங்கறதே! சங்குக்கு கடைல காசு குடுக்காதீங்க, கோபி பக்கம் வாய்க்கா பாசன வயல்ல நத்தைக் கூடு சும்மா கெடைக்கும், நல்லா வேகவெச்சு கழுவி, ஒரு மீனுக்கு மூணு கூடாவது இருக்கற மாதிரி போட்டுருங்க. ஸ்பான்ஜ் ஃபில்டர் போதும். சித்திர வெயில்ல தண்ணி முப்பது டிகிரிய தாண்டும், அப்ப மேல ஒரு சின்ன ஃபேன் வெச்சுருங்க.

மொதல்ல கொஞ்ச நாளைக்கு ஒன்னுமே வெளிய வராது, வெறும் மண்ணுக்கு எதுக்கு லைட்டுன்னு எங்கம்மா கேட்டாங்க. குட்டி ஜாஸ்தி ஆனா கடைக்காரர்கிட்ட குடுத்துக்கலாம், ஆனா வலைல புடிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, எல்லாம் சங்குக்குள்ள பூந்துக்கும், சங்கோடவே தூக்கி குடுத்துர்றதுதான் வழி.