பரணில் இருந்த பெட்டி

அக்டோபர் 10, 2024, வியாழன்

நாளை ஆயுத பூஜை. பரணைத் துடைக்க ஏறிய பெரியவன் பழைய ஷூ பெட்டி ஒன்றை இறக்கினான். 1999இல் மூன்று மாதம் சேர்த்து வைத்து வாங்கிய ஜோடி. நான்கைந்து முறை போட்டிருப்பேன். தேய்ந்துவிடுமே என்ற பயத்தில் காகிதம் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வைத்துவிட்டேன். பெரியவனுக்குப் பதினாறு வயது, காலும் என் அளவுக்கு வந்துவிட்டது. அவனுக்குத்தான் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

மேல்பகுதியில் ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை. காலை நுழைத்து எழுந்து நின்றான், இரண்டு அடி வைத்தான். மூன்றாவது அடியில் குதிகாலுக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. தரையெல்லாம் நாட்டுச் சர்க்கரை சிந்தியதுபோல மஞ்சள் தூள். சோலின் நடு அடுக்கு விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அடி ரப்பர் தனியாகக் கழன்று விழுந்தது.

“நான் ஒன்றும் செய்யவில்லை அப்பா” என்றான், முகம் வெளிறி.

அவன் என்ன செய்வான்? அந்த நடு அடுக்கு பாலியூரிதேன். காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். ஹைட்ராலிசிஸ் என்பார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் அது நடந்துகொண்டே இருக்கும். நம் ஊரோ கடலோர ஊர். உப்புகூட ஜாடிக்குள் கசிந்துவிடுகிறது. ஈவிஏ என்ற வேறொரு பொருளில் செய்த சோல் இப்படிப் பொடியாகாது, ஓட ஓட அமுங்கித் தட்டையாகிவிடும். இதையெல்லாம் மகன்கள் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. இருபத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மாலையில் மூவரும் ஷூ வாங்கப் பெரியமேட்டுக்குப் போனோம். மாலை என்பது காரணத்தோடுதான். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், காலையில் பொருந்திய ஷூ அப்போது கடிக்கும். கிளம்பும் முன் இருவரையும் காகிதத்தின் மேல் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தேன். சின்னவனுக்கு இடது கால் நான்கு மில்லிமீட்டர் நீளம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். யூகே அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கடைக்காரர் “ஒரு நம்பர் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றால் அது சின்ன விஷயமில்லை.

பெரியவன் நைக்கி கம்பெனியின் ஏர் ஜோர்டான் ஷூ ஒன்றைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை. அழகான ஷூ, மறுக்க மாட்டேன். ஆனால் 1985இல் அது கூடைப்பந்துக்காக வந்தது. இவன் பள்ளியில் 1500 மீட்டர் ஓடுகிறவன். ஷூவின் பக்கவாட்டில் இருக்கும் நைக்கியின் அந்த வளைகோட்டை 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்தார், கூலி 35 டாலர் என்று சொன்னேன். கோட்டைப் பார்க்காதே, குதிகால் பக்கத்தை அமுக்கிப் பார், மடக்கிப் பார் என்றேன். கால்விரல் மடங்கும் இடத்தில்தான் ஷூவும் மடங்க வேண்டும். நடுவில் அப்பளம்போல மடிந்தால் வேண்டாம்.

சின்னவனுக்கும் புதிதாகவே வாங்கினேன். அதில்தான் பெரியவனுக்குக் கோபம். “என் பழசு அவனுக்குச் சரியாக இருக்குமே, அந்தப் பணத்தில் எனக்கு ஜோர்டான் வாங்கியிருக்கலாமே” என்றான். ஒருவன் போட்ட ஷூவின் சோல் அவன் நடைக்கு ஏற்பத் தேய்ந்து அமுங்கியிருக்கும். அடுத்தவன் போட்டால் அந்தச் சாய்வில்தான் அவனும் நடக்க வேண்டும். என் அண்ணனின் கேன்வாஸ் ஷூவை முனையில் பஞ்சு அடைத்து, சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக்கி, மூன்று வருடம் போட்டவன் நான். அண்ணன் உட்பக்கம் சாய்த்து நடப்பார். எனக்கு முட்டி வலித்துக்கொண்டே இருக்கும். சட்டையைத் தம்பிக்குக் கொடு, ஷூவைக் கொடுக்காதே என்றேன்.

பூங்கா நிலையத்திலிருந்து சைதாப்பேட்டை வரை மின்சார ரயிலில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதனால் டாஸ்லர் சகோதரர்கள் கதையைச் சொன்னேன். ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் அண்ணன் தம்பி சேர்ந்து ஷூ செய்தார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ் அவர்களுடைய ஷூவைப் போட்டு ஓடினார். பிறகு மனம் கசந்து 1948இல் பிரிந்தார்கள். அண்ணன் ரூடால்ஃப் தொடங்கியது பூமா, தம்பி அடால்ஃப் தொடங்கியது அடிடாஸ். ஒரே கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு கோடியில் படுத்திருக்கிறார்கள்.

“அப்புறம் சமாதானமே ஆகவில்லையா?” என்று சின்னவன் கேட்டான். பெரியவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் கிண்டி போகிறவர்களின் நெரிசலில் இறங்கும்போது தம்பியின் பையையும் அவனே தூக்கிக்கொண்டான்.

அக்டோபர் 15, செவ்வாய்

கொட்டும் மழை, பள்ளிக்கூடம் இல்லை. சின்னவன் புது ஷூவோடு தெருத் தண்ணீரில் இறங்கிவிட்டான். திட்டவில்லை. ஷூ என்றால் நனையும்தான். லேஸைக் கழற்றி, உள் அட்டையை உருவி, வெதுவெதுப்பான நீரில் சேற்றைத் தேய்த்து எடுத்தோம். உள்ளே காகிதம் திணித்து மின்விசிறிக்கு அடியில் வைத்தாயிற்று. வெள்ளை ஷூவுக்குச் செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும். பழைய நோட்டுத் தாள்தான். ஹேர் டிரையரைக் கொண்டுவந்தவனைத் தடுத்தேன். சூட்டில் பசை விட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றச் சொல்லியிருந்தேன். இரவு பதினொரு மணிக்கு எழுந்து பார்த்தால், தம்பி தூங்கிவிட்டான், பெரியவன் மாற்றிக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் பெசன்ட் நகரில் இருவரும் ஓடினார்கள். குதிகால் வழுக்குகிறது என்றான் சின்னவன். மேலே யாரும் தொடாத ஒரு துளை உண்டு. அதில் லேஸை நுழைத்துச் சின்ன வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இழுத்தால் குதிகால் அசையாது. மண்டியிட்டு ஒரு காலுக்குக் கட்டிக் காட்டினேன். இன்னொன்றை அவனே கட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவன் ஒரு பையை நீட்டினான். 1999 ஜோடி. குப்பைக்குப் போய்விட்டதென்று நினைத்திருந்தேன். தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுத்து, ரப்பர் சோல் ஒட்டிச் சுற்றிலும் கையாலேயே தையல் போட்டு வாங்கி வந்திருக்கிறான். முந்நூற்றைம்பது ரூபாய், அவன் காசு. சோல் கட்டையாக இருக்கிறது, இதைப் போட்டு ஓட முடியாது.

இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் இட்லி மாவு வாங்கப் போயிருக்கிறான்.