ஸ்பிரிங் இறங்கினால் குடும்பமும் இறங்கணும்

குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தணும் என்று ஆசை வந்தவரை எளிதாக அடையாளம் காணலாம். வண்டியைப் பூட்டிவிட்டு நாலடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பார். பார்வை பெயின்டில் இருக்காது, டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கும். நாலு விரலை உள்ளே விடுவார். தாராளமாகப் போகும். முகம் வாடிவிடும். அதே வண்டியில்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியார் உட்பட ஐந்து பேரும் ஒரு சிப்பம் அரிசியும் போகப்போகிறார்கள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. ஆனால் ஸ்பிரிங்கை முடிவு செய்ய வேண்டியது அந்த மாமியாரும் அரிசியும்தான், ஃபெண்டர் இடைவெளி அல்ல.

மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ், 163 மி.மீ.; முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், 2,450 மி.மீ. 30 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 133. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் நடுவயிறு இன்னும் 35 மி.மீ. போல இறங்கும். ஆக, கையில் இருப்பது 98.

சாலைக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. பத்து செ.மீ. என்றால் 98-க்கு இடிக்குமே என்று தோன்றும். இடிக்காது. மேடு வீல்பேஸைவிட அகலமானது. வண்டி உச்சியைத் தாண்டும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும், வயிற்றுக்குள் வளைவு நீட்டுவது 44 மி.மீ. மட்டுமே. விதிப்படி கட்டிய வேகத்தடையில் தாழ்த்திய காரும் கம்பீரமாகப் போகும்.

நம்ம தெருவில் இருப்பது அதுவா? மிச்சமான ஜல்லியையும் தாரையும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டி, ஓரடி அகலத்தில் வரப்பு போலக் கட்டியது. முன்சக்கரம் இறங்கிவிடும், பின்சக்கரம் ஏறியிருக்காது, மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்குக் கீழே நிற்கும். 12 செ.மீ. வரப்பு என்றால் கம்பெனி ஸ்பிரிங்கோடு முழுச் சுமையில் 128 மி.மீ. இருந்த வண்டி மயிரிழையில் தப்பிக்கும். 98-ல் சைலன்சர் உரசும். ‘எல்லாரும் கொஞ்சம் இறங்கிக்குங்க’ என்று மாமியாரிடம் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதை ஆர்டர் போடும் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

ஒரு மலிவான சோதனை உண்டு. 30 மி.மீ. தெர்மகோல் துண்டை வண்டியின் அடியில் ஆகத் தாழ்வான இடத்திலும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே கதவுக்குக் கீழேயும் டேப் போட்டு ஒட்டுங்கள். சைலன்சர் பக்கம் வேண்டாம், உருகிவிடும். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள், குடும்பத்தோடும் ஒரு தடவை. துண்டு கிழிந்தோ காணாமலோ போனால் 30-ஐ மறந்துவிட்டு 20-க்குப் போங்கள். தினசரி ஓட்டும் வண்டிக்கு 20 முதல் 25 மி.மீ. போதும். கண்ணுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

உயரத்தைவிடப் பெரிய சமாச்சாரம் டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் போய்வரக் கிடைக்கும் தூரம். உதாரணத்துக்கு, ஒரு முன்சக்கர ஸ்பிரிங் தாங்கும் எடை 265 கிலோ, அதாவது ஏறக்குறைய 2,600 நியூட்டன். ஸ்பிரிங்கின் கடினம் மி.மீ.க்கு 20 நியூட்டன் என்றால் அது 130 மி.மீ. அமுங்கி நிற்கும். சக்கரம் மேலே ஏறுவதைக் கடைசியில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பைத் தொட மேலே 75 மி.மீ., ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்க 80 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். 30 மி.மீ. தாழ்த்தியதும் மேலே மிச்சம் 45. பழைய ஸ்பிரிங் 75 மி.மீ.க்குள் தாங்கிய கூடுதல் பளுவை 45-க்குள் தாங்க மி.மீ.க்கு 33 நியூட்டன் வேண்டும். கடையில் வரும் ஸ்பிரிங் 26 என்றால் பள்ளத்துக்குப் பள்ளம் பம்ப் ஸ்டாப்பில் ‘டம்’. ‘ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு’ என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியது ஸ்பிரிங்கை அல்ல, தீர்ந்துபோன டிராவலை.

அடுத்த பக்கத்தையும் பாருங்கள். 26-ல் ஸ்பிரிங் அமுங்கி நிற்பது 100 மி.மீ., சக்கரம் தொங்கக்கூடியதோ 80-ம் 30-ம் சேர்த்து 110. ஜாக்கியில் தூக்கினால் 10 மி.மீ. லூசு, ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டான சீட்டை விட்டு நகரும். அமுங்க அமுங்கக் கெட்டியாகும் புரோகிரஸிவ் ஸ்பிரிங்கில் ஒரு முனையில் நெருக்கமாகச் சுற்றியிருக்கும் காயில்கள் இதற்குத்தான். வண்டி நிற்கும்போதே அவை பெரும்பாலும் மூடிக்கிடக்கும், தொங்கும்போது விரிந்து ஸ்பிரிங்கைச் சீட்டிலேயே பிடித்துவைக்கும். ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் கம்பெனிகளின் தாழ்த்தும் ஸ்பிரிங் கிட்டில் எந்த ஆக்ஸில் எடைக்கு என்றும் குறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல், கனமான டீசல் எஞ்சினுக்கான ஸ்பிரிங்கை அதே மாடலின் பெட்ரோல் வண்டியில் போட்டால் முன்பக்கம் எதிர்பார்த்த அளவு இறங்காது. செலவு செய்துவிட்டு மறுபடி நாலு விரல் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

‘எதுக்கு சார் இருபதாயிரம், ஒரு சுத்து வெட்டிடலாம்’ என்று ஒருவர் வராமல் இருக்கமாட்டார். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 சதவீதம் ஏறும், அது உண்மை. ஆனால் சீட்டில் பொருந்த வேண்டிய முனை போய்விடும், கட்டிங் வீலின் சூடு பட்ட இடம் பின்னாளில் விரிசல் விடும். கேஸ் வெல்டிங்கில் சூடு காட்டி இறக்குகிறவர் இன்னும் ஆபத்தானவர். ஸ்பிரிங்கின் பதமே போய்விடும்.

ஷாக் அப்சார்பரைக் கணக்கில் சேர்க்காமல் பட்ஜெட் போடாதீர்கள். கெட்டியான ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது. 50,000 கி.மீ. ஓடியது என்றால் வேகத்தடை தாண்டியும் மூன்று முறை தலையாட்டும். அதோடு ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் ஸ்டரட் மவுன்ட், அதன் பேரிங், மேல் நட்டு புதிதாக. பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லிக் கிட்டின் தாளில் இருந்தால் சொன்ன அளவு மட்டும் வெட்டணும்.

மாட்டும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸரைப் போட்டு இறுக்காமல் மேல் நட்டில் ஸ்பேனர் வைக்கக்கூடாது. வைத்தால் நட்டு கூரைக்குப் போகும், வழியில் முகம் இருந்தால் அதையும் கேட்காது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது, எடை சக்கரத்தில் இருக்கும்போது இறுக்கணும். லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே ஓடி, சில மாதத்தில் ‘கட கட’. உயரத்தை அளக்க வீல் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடியுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும்.

வீல் அலைன்மென்ட் இரண்டு தடவை, மாட்டியதும் ஒன்று, சில நூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்ததும் ஒன்று. டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பியிருக்கும் கோணம், மாறியிருக்கும்; கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு, உள்ளே போயிருக்கும். விட்டுவிட்டால் வெளியே பளபளவென்று நிற்கும் டயர் உள்விளிம்பில் கம்பி தெரிய நிற்கும். ஹெட்லைட் உயரத்தையும் சரிபார்க்கணும்.

சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

கழற்றிய நாலு ஸ்பிரிங்கிலும் முன், பின், இடது, வலது என்று பெயின்டால் எழுதி, எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். பழைய இரும்புக்காரர் வரும் நாளில் வீட்டில் யாராவது ஒருவர் பரணைச் சுத்தம் செய்யக் கிளம்புவார், அதனால் சாக்கின் மேலேயும் எழுதிவையுங்கள்: ‘இது குப்பை இல்லை’.